சரசு வீட்டு வெறும் தட்டு

எங்கள் வடகரப்பதிப் பக்கம், சாவு விழுந்த வீட்டில் ஒரு வருடம் எண்ணெய்ச் சட்டி வைக்கமாட்டார்கள். தீபாவளிக்கு அக்கம்பக்கத்தார்தான் பலகாரம் கொடுக்க வேண்டும்.

பக்கத்து வீட்டு சரசுவின் கணவர் போன தீபாவளி கழிந்த ஐந்தாம் நாள் இறந்தார். அன்றே தேதியை டைரியில் குறித்துவைத்தேன். இந்த வருடம் தீபாவளி தள்ளி வந்தது. டைரியைப் பார்த்தேன், வருடம் முடிந்திருந்தது. இனி அவளே சுட்டுக்கொள்வாள் என்று நினைத்து, என் முறுக்கை மற்ற வீடுகளுக்குக் கொடுத்துவிட்டேன்.

மதியம் கறிவேப்பிலை பறிக்க அவள் வீட்டுக்குப் போனேன்.

"பலகாரம் ஒண்ணும் சுடலையா சரசு?"

"திதிக்கு இன்னும் அஞ்சு நாள் இருக்குதுங்களே அக்கா," என்றாள். பிறகு மெதுவாக, "காத்தாலயிருந்து உங்களைத்தான் பார்த்துட்டிருந்தனுங்க. அவருக்கு உங்க கை முறுக்குன்னா உசுருங்களே."

அவர் படத்துக்கு முன்னால் கழுவிய தட்டு ஒன்று வெறுமனே இருந்தது. நான் பார்த்தது இங்கிலீஷ் தேதி. அவள் எண்ணியது திதி.

ஓடிப்போய் டப்பாவைத் திறந்தேன். நான்கு முறுக்குதான் மிச்சம். "போதுங்கக்கா," என்று வாங்கித் தட்டில் வைத்தாள்.

டைரியில் தேதி சரியாகத்தான் இருக்கிறது. அவளிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரு சுவர்தான்.