யாரிடமும் கேட்க வேண்டாம் என்ற பத்தி

ஸ்டெல்லா காலமான செய்தி வந்தபோது நான் மழைமானியில் தண்ணீர் அளந்துகொண்டிருந்தேன். குருவிட்டவிலிருந்து அவருடைய தம்பி அழைத்தார். "அக்கா காலையில போயிட்டாங்க அண்ணே. நோய் வருத்தம் தெரிஞ்சதுதானே," என்றார். அளவை எழுதாமலே தண்ணீரைக் கொட்டிவிட்டேன். பதிவேட்டில் அந்த நாளின் கட்டம் இன்னும் காலியாக இருக்கிறது.

அவரை அறிந்தவர்களுக்கு அவர் வேலை தெரியும், மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். எங்கள் தோட்டங்களுக்கு மண்சரிவு எச்சரிக்கை தரும் மென்பொருள் ஒன்று போனில் வந்தது. அதன் தமிழ் உதவிப் பக்கங்களை எழுதியவர் ஸ்டெல்லா. மூல எழுத்து ஒன்றுதான். பத்திக்குப் பத்தி 'அதிகாரி', 'குடும்பம்' என்று குறி போட்டால் அதன்படி இரண்டு உதவிக் கோப்புகள் தனித்தனியாக வரும். 'குடும்பம்' என்ற குறி இல்லாத பத்தியை, லயம் என்னும் வரிசை வீடுகளில் குடியிருக்கும் தோட்டத் தொழிலாளர் பார்க்கவே முடியாது.

மழை அளக்கிறவன் என்பதால் குறி போட என்னையும் கூப்பிட்டார். ஓ.எல். பரீட்சையை இரண்டு முறை எழுதி, இரண்டு முறையும் தாளுக்கு நஷ்டம் உண்டாக்கியவன் நான். பெருமையில் ஒரே மூச்சில் முடித்துக் கொடுத்தேன். பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"அண்ணே, குடும்பத்துக்கு என்ன விட்டு வச்சிருக்கீங்க? போனை சார்ஜ் போடுறது மட்டுந்தான் இருக்கு."

"முக்கியமானதெல்லாம் ஆபீசுக்குத்தானே மிஸ்?"

"மண்ணு சரிஞ்சா ஆபீஸ் மேலயா விழும்?"

பிறந்ததிலிருந்து லயத்தில் இருக்கிறேன். முக்கியமான தாள் எதுவும் லயத்துக்கு வந்து பார்த்ததில்லை. கை தானாக அப்படிப் போயிருக்கிறது. மறுபடி உட்கார்ந்து எல்லாவற்றையும் மாற்றினோம்.

ஒரு பத்திக்காக அவர் சண்டையே போட்டார். 'சுவரில் புது வெடிப்பு தெரிந்தாலோ, கதவு திடீரென்று இறுகினாலோ, யாரிடமும் கேட்காமல் வெளியேறுங்கள்.' இதைக் குடும்பங்களுக்குக் காட்ட வேண்டாம், சனம் பயந்துவிடும் என்று மேலிடத்தில் ஒருவர் போனில் சொன்னார். ஸ்டெல்லா சிங்களத்தில் அமைதியாகச் சொன்ன பதில் இதுதான்: "நான் குறியை எடுக்க மாட்டேன். வேணும்னா நீங்க எடுத்துட்டு, எடுத்தது யாருன்னு பேர் போடுங்க." பேர் போட யாரும் வரவில்லை. பத்தி நின்றது.

போன மழைக்காலத்தில் ஒரு பிற்பகல் எங்கள் வீட்டுக் கதவு இறுகியது. தோளால் இடித்துத் திறந்தேன். ஆபீசில் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு வரலாமென்று குடையைத் தேடினேன். என் மனைவி பிள்ளைகளோடு வெளியே நின்றாள், கையில் போன்.

"கேக்க வேணாம்னு போட்டிருக்கு. நீங்கதானே சரி பார்த்தீங்க?"

அன்று மண் அசையவில்லை. மறுநாளும் இல்லை. எங்களைப் பார்த்துப் பக்கத்து வீடுகளும் கோயில் மண்டபத்துக்கு வந்திருந்ததால், கிண்டலுக்குக் குறைவில்லை. மூன்றாம் நாள் எங்கள் சமையல் குசினி மண்ணுக்கடியில் போனது. உள்ளே யாரும் இல்லை.

ஆஸ்பத்திரியில் இருந்த ஸ்டெல்லாவுக்குப் போனில் சொன்னேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "கொடை கெடைச்சிச்சா அண்ணே?" என்றார்.

கிடைக்கவில்லை. குடை குசினியில்தான் தொங்கியது.

அவரிடமிருந்து என்னிடம் மிஞ்சியிருப்பது ஒரு சின்னத் தயக்கம். முக்கியமான தாள் ஏதாவது கைக்கு வந்தால், ஆபீசுக்கென்று ஒதுக்குமுன் கை சற்று நிற்கிறது. விழுந்தால் யார் மேல் விழும் என்று பார்த்துக்கொள்கிறேன்.