ஏழு நாள் முதலாளி

ஹெனியாவின் வாய்க்கு அக்கோ நகரமே பயப்படும். ரொட்டி கருகிவிட்டது என்று யாராவது முணுமுணுத்தால், "கருகினது ரொட்டியா, உன் மூஞ்சியா?" என்று கேட்டுவிட்டுத்தான் பொட்டலம் கட்டுவாள். துறைமுகத்துக்குப் போகிற சந்தில் இருந்த அந்த ரொட்டிக்கடைதான் அவளுக்கு வீடு, வாசல், சொந்தபந்தம் எல்லாம்.

போலந்தில் அவளுக்கு இதைவிடப் பெரிய கடை இருந்தது. புருஷன் இருந்தான், யோஸெக் என்று ஒரே மகன் இருந்தான். யூதர்கள் என்ற ஒரே குற்றத்துக்காக இருவரையும் ரயிலேற்றிக் கொண்டுபோய்க் கொன்றார்கள். தனியாகப் பிழைத்த ஹெனியா உலகப் போர் முடிந்ததும் நடந்தே ஊர் திரும்பித் தன் வீட்டுக் கதவைத் தட்டினாள். திறந்தவள் பக்கத்துத் தெருக்காரி. இடுப்பில் கட்டியிருந்தது ஹெனியாவின் ஏப்ரன். "நீ இன்னும் சாகலையா?" என்று கேட்டுவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டாள்.

புதிதாகப் பிறந்த யூத நாட்டுக்குக் கப்பலேறி வந்தவளுக்கு அரசாங்கம் ஒதுக்கிய கடை இது. அதற்கு முன் அது யாருடையது என்று அவள் கேட்கவில்லை. கேட்கிற நிலையில் இல்லை என்பதும் உண்மை, கேட்க விரும்பவில்லை என்பதும் உண்மை.

அடுப்பு வேலைக்கு ஸுஹ்தி என்ற அரபுக்காரர் இருந்தார். நாடு பிறந்த வருஷத்துச் சண்டையில் குன்றுமேல் இருந்த தன் கிராமத்தை விட்டு ஓடிவந்தவர். வேலைக்குச் சேர்ந்த அன்றே, "மூத்த பிள்ளை பேர் என்ன?" என்று விசாரித்தார். அவர்கள் வழக்கத்தில் பெண்களைப் பிள்ளை பெயர் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். அன்றிலிருந்து அவள் யோஸெக்கம்மா. அந்தப் பெயரைச் சொல்ல உலகத்தில் இன்னொரு வாய் இருக்கிறதே என்பதற்காகவே அவருடைய கிண்டலையெல்லாம் பொறுத்துக்கொண்டாள்.

பஸ்கா பண்டிகையின் ஏழு நாளும் புளித்த மாவு எதுவும் யூதருக்குச் சொந்தமாக இருக்கக் கூடாது. ரொட்டிக்கடைக்காரி என்ன செய்வாள்? வருஷா வருஷம் யூத மதகுருவான ரபி வந்து பத்திரம் எழுதுவார். மாவு, அடுப்பு, கடை எல்லாவற்றையும் ஸுஹ்திக்கு விற்றுவிட்டு, பண்டிகை முடிந்ததும் திரும்ப வாங்கிக்கொள்வாள். ஸுஹ்தியும் கையெழுத்துப் போட்டுவிட்டு வீட்டில் படுத்துக் கிடப்பார். ஒன்பது வருஷம் அப்படித்தான் போனது.

பத்தாம் வருஷம் பஸ்காவும் ரமலானும் சேர்ந்து வந்தன. பண்டிகையின் இரண்டாம் நாள் மத்தியானம் ஹெனியா சந்துக்குள் திரும்பியதும் ரொட்டி வாசனை மூக்கைத் துளைத்தது. கடை திறந்திருந்தது. நோன்பு திறக்க ரொட்டி வாங்கும் கூட்டம் தெருமுனைவரை வரிசையில் நின்றது. உள்ளே ஸுஹ்தி.

"அட பாவி! என் கடைல என்ன பண்றே?"

"யார் கடைல?" அவர் நிமிரக்கூட இல்லை. "ரபி பத்திரத்தைப் படிச்சப்ப தூங்கிட்டீங்களா, யோஸெக்கம்மா? ஏழு நாள் நான்தான் முதலாளி. ரொட்டி வேணும்னா வரிசைல நில்லுங்க."

வரிசை மொத்தமும் சிரித்தது. அவள் ரபி வீட்டுக்கு ஓடினாள்.

"அவனை வெளிய தள்ளுங்க, ரபி!"

"ஹெனியா, நீ வித்தது நிஜமா, நடிப்பா?"

"நிஜம்தான். ஆனா..."

"ஆனாவே கிடையாது. இப்ப 'என் கடை'ன்னு நீ சொன்னா, வித்ததே பொய்யாயிடும். அப்புறம் அந்த மாவுல ஒரு பிடி நீ தொட முடியாது. அத்தனையும் கடல்ல கொட்டணும். அந்த மனுஷன் சொன்னதுதான் சரி. போய் வீட்ல உக்காரு."

அவளால் உட்கார முடியவில்லை. பத்திரம் நிஜம் என்றால், திருப்பித் தரமாட்டேன் என்று அவர் சொன்னால் அதுவும் நிஜம். மிச்ச நாளெல்லாம் சந்து முனையில் நின்று, தன்னுடையதாக இல்லாத கடையைப் பார்த்தாள். இப்படி நிற்பது அவளுக்குப் பழக்கம்தான்.

பண்டிகை முடிந்த மறுநாள் காலை மூவரும் கடையில் கூடினார்கள். மாவு மூட்டைகள் ஒழுங்காக அடுக்கியிருந்தன. ரபி பத்திரத்தை எடுத்ததும் ஸுஹ்தி கையைக் காட்டி நிறுத்தினார்.

"அவங்களே கேக்கட்டும்."

ஹெனியா அவர் பக்கம் திரும்பினாள். "இது... உன்னுது, ஸுஹ்தி. எனக்குத் திருப்பித் தருவியா?"

"எடுத்துக்கோங்க."

அவ்வளவு சட்டென்று வரும் என்று அவள் எதிர்பார்க்கவில்லை. மூட்டைமேல் உட்கார்ந்து தேம்பித் தேம்பி அழுதாள். பிறகு மூக்கைச் சிந்திவிட்டு, "பதிலுக்கு என்ன வேணும், சொல்லித் தொலை," என்றாள்.

"வழக்கமாக் கேக்கறதுதான். சுதந்திர தினத்துக்கு லீவு."

பத்து வருஷத்தில் முதல்முறையாக அவள் கேட்டாள்: "அன்னிக்கு எங்கதான் போறே?"

"எங்க ஊருக்கு. மத்த நாள் அரபுக்காரங்க ஊர் விட்டு ஊர் போகணும்னா ராணுவத்துக்கிட்ட அனுமதிச் சீட்டு வாங்கணும். அன்னிக்கு மட்டும் வேண்டாம். என் வீட்டுக்கு எதிர்ல நின்னு பாத்துட்டு வருவேன். உங்க ஆளுங்க யாரோ குடியிருக்காங்க."

"கதவைத் தட்டினதில்லையா?"

"தட்டிட்டு என்னன்னு சொல்றது?"

சுதந்திர தினத்தன்று ஊரே தெருவில் ஆடியது. அவளும் வருஷா வருஷம் ஆடுகிறவள்தான். யாரும் துரத்தாமல் நிற்க ஓர் இடம் கிடைத்த சந்தோஷம் பொய்யில்லை. அன்று மட்டும் ஆடவில்லை. ஸுஹ்தியோடு பஸ் ஏறினாள்.

குன்றுமேல் அந்த வீட்டுக் கதவை அவள்தான் தட்டினாள். ருமேனியாவிலிருந்து வந்த ஒரு பெண், இடுப்பில் குழந்தையோடு திறந்தாள். பின்னால் நின்ற அரபுக்காரரைப் பார்த்ததும் முகம் வெளுத்தது.

"இவர் ஒரு தரம் உள்ள பாக்கணுமாம். அவ்வளவுதான்," என்றாள் ஹெனியா.

"அவ்வளவுதான்னு நீங்களே முடிவு பண்ணாதீங்க, யோஸெக்கம்மா," என்றார் ஸுஹ்தி.

ஹெனியா அவரைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு அந்தப் பெண்ணிடம், "அதுவும் சரிதான். இது இவர் வீடு. மிச்சத்தை இவர் பேசுவார்," என்றாள்.

கதவுப் பிடியில் இருந்த அந்தப் பெண்ணின் கையையே ஹெனியா பார்த்துக்கொண்டிருந்தாள். எப்போது சாத்தும் என்று காத்திருந்தாள். கை கதவை விட்டுவிட்டது.

"முற்றத்து ரொட்டி அடுப்பு உங்களுதா?" என்று கேட்டாள் அந்தப் பெண். "நாங்க வந்த நாள்லேர்ந்து ஒரே புகை. எங்களுக்குப் பத்தவைக்கத் தெரியல."

"தெரியாதுதான்," என்று சொல்லிவிட்டு ஸுஹ்தி விடுவிடுவென்று உள்ளே போனார்.

ஹெனியா படியிலேயே நின்றாள். உள்ளே சுள்ளி ஒடிகிற சத்தம் கேட்டது, குழந்தை சிரிக்கிற சத்தம் கேட்டது. பிறகு அவர் குரல் வந்தது.

"யோஸெக்கம்மா! என் வீட்டுக்கு வந்துட்டு வாசல்லயே நிப்பீங்களா? உள்ள வாங்க!"