மாடித் தரைக்குப் பளபளப்பு வேண்டாம் என்ற ரெஜினா அம்மா

ரெஜினா அம்மா இறந்துவிட்டார். பொம்மையார்பாளையத்திலிருந்து அவர் கணவர் அந்தோணி ஐயா காலையில் போன் செய்தார். ஹார்ட் அட்டாக்... ஆஸ்பத்திரி போய்ச் சேரும் முன்பே.

இங்கே அவரைத் தெரிந்தவர்கள் சிலர் இருப்பீர்கள். விழுப்புரம் ஜங்ஷனில் டிக்கெட் கவுண்டரில் பல வருஷம் இருந்தவர். க்யூவில் யாராவது நடுவில் புகுந்தால் எழுந்து நின்று சத்தம் போடுவாரே, அவரேதான்.

எனக்கு உறவில்லை. கஸ்டமர். திண்டிவனத்தில் நான் மரத்தரை போட்டுக் கொடுக்கும் தொழில் செய்வது உங்களுக்குத் தெரியும். அப்படிப் பழக்கம்.

ரிட்டயர் ஆன பிறகு கடலைப் பார்த்தாற்போல் ஒரு மாடி கட்டினார்கள். மாடி ஹாலுக்குத் தேக்குப் பலகைத் தரை. அது ஐயாவின் ஆசை.

பலகை பதித்தாயிற்று. அதன் மேல் என்ன பூச்சு அடிப்பது என்பதில்தான் இருவருக்கும் ஒத்துப்போகவில்லை.

மூன்று சாம்பிள் பலகை கொண்டுபோயிருந்தேன். ஒன்று கண்ணாடி மாதிரி மின்னும் பி.யூ. பூச்சு. இன்னொன்றும் பி.யூ.தான், ஆனால் மினுமினுப்பு இல்லாத மேட். மூன்றாவது வெறும் எண்ணெய். எண்ணெய் என்றால் வருஷா வருஷம் திரும்பத் தடவ வேண்டும் என்றேன், அதை இருவருமே ஒதுக்கிவிட்டார்கள்.

ஐயா மின்னும் பலகையை ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்தார். "இத்த பாரு ரெஜினா, மொகம் தெரியுது!"

"மொகம் பாக்க கண்ணாடி இருக்குது. எனக்கு பளபளப்பு வாணாம்."

"ஏன் வாணாம்?"

"வாணாம்னா வாணாம்."

காரணம் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் வாக்குவாதம் ஓடியது. கடைசியில், "உங்க இஷ்டம், எத்த வேணா அடிச்சிக்கோங்க" என்று அம்மா கீழே இறங்கிப் போய்விட்டார். மின்னும் பூச்சுதான் என்று முடிவானது.

இரண்டு கோட் அடித்தோம். நன்றாக வந்திருந்தது. போட்டோ எடுத்து இங்கே போஸ்ட் கூடப் போட்டேன்.

நன்றாகக் காய்ந்த பிறகு இருவரையும் மேலே கூப்பிட்டேன். ஐயா நேராக உள்ளே நடந்துபோய் ஜன்னலருகே நின்றுகொண்டார். அம்மா வாசலிலேயே நின்றுவிட்டார்.

"யாரு தண்ணி ஊத்தினது?"

ஐயா சிரித்தார். "தண்ணி இல்ல, பாலிஷு. வா."

அவர் வரவில்லை. கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு ஒரு காலை நீட்டி, கட்டைவிரலால் தரையைத் தடவினார். கடல் பக்கத்து வெளிச்சம் முழுக்கத் தரையில் விழுந்து கிடந்தது. காலை எடுத்துக்கொண்டு அப்படியே வாசலில் உட்கார்ந்துவிட்டார்.

"தரை எது, வெளிச்சம் எதுன்னு எனக்கு தெரியலீங்க."

"இன்னா சொல்ற நீ?"

"கொஞ்ச நாளாவே கண்ணு சரியில்ல. ஓரமா வர்றது எதுவும் தெரிய மாட்டேங்குது."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா ஸ்கூட்டி சாவிய வாங்கி வச்சிக்குவீங்க."

நான் சாம்பிள் பலகைகளை எடுத்துப் பையில் அடுக்க ஆரம்பித்தேன்.

ஐயா வந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்தார். "கோயிலுக்கு அதுலதானே போய்க்கினு இருந்த? இந்த ஈ.சி.ஆர். ரோட்டுல?"

"பாத்துதான் போனேன்."

"இன்னாத்த பாத்த?"

அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஐயாவுக்கு வரவில்லை.

பாண்டிச்சேரியில் கண் டாக்டரிடம் போனார்கள். கண்ணுக்குள் பிரஷராம், க்ளாக்கோமா. போன பார்வை திரும்ப வராது, இருப்பதைக் காப்பாற்றலாம் என்று சொட்டு மருந்து கொடுத்திருக்கிறார். சாவி ஐயாவிடம் போனது. அதற்காக அம்மா அவரோடு பல நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை.

பிறகு ஐயாவே எனக்குப் போன் செய்தார். "அந்த பளபளப்ப எடுத்துடும்மா."

முழுக்கச் சுரண்ட வேண்டியிருக்கவில்லை. உப்புத்தாள் போட்டு மேலாகத் தேய்த்து, மேட் ஒரு கோட். இந்த முறை அம்மா கூடவே நின்றார். வாசலில் இருக்கும் முதல் பலகை மட்டும் கறுப்பாக இருக்க வேண்டும் என்றார்.

"நல்லாவா இருக்கும்?" என்று ஐயா இழுத்தார்.

"படி முடிஞ்சி தரை ஆரம்பிக்கிற எடம் எனக்கு தெரியணும். நடக்கப் போறது நானு."

அந்த ஒரு பலகையை மட்டும் மரம் தெரியும்வரை தேய்த்துக் கறுப்புச் சாயம் ஏற்றினோம்.

வேலை முடிந்து, பூச்சு காய்ந்ததும் அம்மா மறுபடி வாசலில் வந்து நின்றார். கறுப்புப் பலகையை மிதித்தார். பிறகு எதையும் பிடிக்காமல் ஜன்னல் வரை நடந்தார். திரும்பி வந்தார். மறுபடி போனார்...

"போதும் வா, தேஞ்சிடப் போவுது" என்றார் ஐயா. அம்மா காதில் வாங்கவில்லை.

போன கிறிஸ்துமஸுக்குப் போயிருந்தேன். தட்டில் கேக்கை வைத்துக்கொண்டு அம்மா தனியாகவே மாடியேறி வந்தார். கேக் ஓரமெல்லாம் கருகியிருந்தது. இரண்டு துண்டு சாப்பிட்டேன்.

காலையில் போனில் ஐயாவின் குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. கீழே இடம் பத்தாது, நிறையப் பேர் வருவார்கள், மாடியிலும் நாற்காலி போடப்போகிறார்கள் என்றார்.

"நாற்காலிய இழுத்தா தரைக்கு எதனா ஆவுமாம்மா?"

ஆகும். கீறல் விழும்.

"ஒண்ணும் ஆவாது ஐயா. போடச் சொல்லுங்க" என்றேன்.

சாயங்காலம் அடக்கம். பஸ்ஸில் உட்கார்ந்து இதை டைப் செய்கிறேன்.

வந்துக்கினே இருக்கேன் ரெஜினாம்மா.