மஞ்சளைக் குறைக்கச் சொல்லாத துளசிராம் அண்ணன்

சென்ற செவ்வாய்க்கிழமை காலை, வாயில் பிரஷ்ஷோடு நின்றபோது செல்வியின் போன் வந்தது. "அண்ணே, மொதலாளி போயிட்டாக." சற்று மூக்கை உறிஞ்சிவிட்டு, "பேனருக்கு வரி எழுதணும், வாரீகளா?" என்றாள்.

செல்வி, அவனியாபுரத்தில் துளசிராம் அண்ணன் நடத்திய ஃபிளெக்ஸ் கடையின் ஆபரேட்டர். நான் அங்கே கண்ணீர் அஞ்சலி வரிகள் எழுதுகிறவன். ஒரே வரியை நாற்பது குடும்பங்களுக்குக் கொடுத்திருக்கிறேன். இறந்தவர் யாரும் இதுவரை புகார் சொன்னதில்லை. அன்று மட்டும் எனக்கு ஒரு வரியும் வரவில்லை.

அண்ணன் சௌராஷ்டிரக் குடும்பம். நூலுக்குச் சாயம் போட்ட வீடு என்பதால் நிறத்தில் மட்டும் விட்டுக்கொடுக்க மாட்டார். ஆனால் மெஷினோடு இலவசமாக வந்த சாஃப்ட்வேர், யார் செத்தாலும் செக்கச்செவேலென்று அடித்துத் தள்ளியது. சில மாதங்களுக்கு முன் அலங்காநல்லூரிலிருந்து ஒருவர் பேனரைச் சுருட்டிக்கொண்டு திரும்ப வந்தார். "எங்கய்யா அட்டக்கருப்புண்ணே. இம்புட்டுச் செவப்பா அடிச்சிருக்கீக, சொந்த அத்தையே யாருன்னு கேக்குது!"

அந்த வாரமே ஒரு விற்பனைப் பிரதிநிதி சி.டி.யோடு வந்தார். படத்தை மைப்புள்ளிகளாகப் பிரித்து, எந்த நிறம் எவ்வளவு என்று மெஷினுக்குச் சொல்லும் தனி சாஃப்ட்வேராம். பெயர் 'ரிப்'.

"நம்ம பேனர்ல மேல போடுறோமே, அந்த ரிப்பா?" என்றார் அண்ணன். விலையைக் கேட்டதும் டீயைக் கீழே வைத்துவிட்டார். முப்பது நாள் சோதித்துப் பார்த்து முடிவெடுப்பதாகப் பேச்சு.

சோதிப்பதில்தான் சிக்கல். செத்தவரைக் கூட்டிவந்து பேனர் பக்கத்தில் நிறுத்த முடியாதே? "என் மூஞ்சியப் போடு. நான் பக்கத்துல நிக்கிறேன்" என்றார் அண்ணன். முந்தின நாள்தான் செல்வி அவரை டிஜிட்டல் கேமராவில் படம் எடுத்திருந்தாள். கடையில் எப்போதும் தயாராக இருந்தது கண்ணீர் அஞ்சலிச் சட்டம் ஒன்றுதான். அதிலேயே அவர் படத்தை ஏற்றினாள்.

"மறைவுல என்ன தேதி போடண்ணே?"

"விடும்மா. அது பெறகு வரும்."

நான்தான் முதலில் சிரித்தேன்.

பழைய சாஃப்ட்வேரில் அண்ணன் தக்காளியாக வந்தார். ரிப்பில் மஞ்சளாக வந்தார். கண்ணின் வெள்ளையில்கூட மஞ்சள். "எலுமிச்சம்பழத்துக்கு மீசை வச்சாப்ல இருக்குண்ணே" என்றேன். அண்ணனே விழுந்து விழுந்து சிரித்தார். "இதுக்கா தம்பி அம்புட்டு வெல? மஞ்சளக் கக்குது."

பிரதிநிதி விடவில்லை. "டியூப்லைட்ல பாக்காதீங்க சார், வெளிய வாங்க."

வாசலில், பகல் பதினொரு மணி வெயிலில், பேனரைப் பிடித்தார்கள். அண்ணன் அதன் பக்கத்தில் போய் நின்றார். நான் அடுத்த நக்கலுக்கு வாயைத் திறந்தேன், திறந்தபடியே நின்றேன். இரண்டு முகமும் ஒரே மஞ்சள். கண்ணின் வெள்ளையிலும் அதே மஞ்சள். தினமும் எதிரே உட்கார்ந்து டீ குடித்த எனக்கு அது அதுவரை தெரியவில்லை. பைக்கில் போன ஒருவர் நிறுத்தி, பேனரைப் பார்த்துச் செருப்பைக் கழற்றினார். பிறகு பக்கத்தில் நின்றவரைப் பார்த்தார். வண்டியைத் தள்ளிக்கொண்டே ஓடினார்.

அண்ணனே பேனரைச் சுருட்டினார். நான்கு நாள் கடைக்கு வரவில்லை. ஐந்தாம் நாள் வந்து, "வாங்கிருவோம்யா. அது பொய் சொல்லல" என்றார். பிரதிநிதி கமிஷன் கொடுத்திருப்பார் என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தேன். இந்த வாய்க்கு வேறென்ன தெரியும்?

அந்த நான்கு நாளும் ஆஸ்பத்திரியில் இருந்திருக்கிறார். ஈரல் பாதிக்குமேல் போய்விட்டதாம். அவர் மனைவி ருக்மணி அக்கா சென்ற செவ்வாய்க்கிழமை, சாவு வீட்டில்தான் சொன்னார்கள். ரிப்போர்ட்டைக் கையில் வாங்கியதும் அண்ணன் சொன்ன முதல் வார்த்தை, "அந்தப் பய சாஃப்ட்வேரு சரியாத்தான் காட்டிருக்கு."

செல்வி அந்த வீட்டுத் திண்ணையிலேயே லேப்டாப்பில் பழைய ஃபைலைத் திறந்தாள். 'மறைவு' என்ற சொல்லுக்கு எதிரே வெற்றிடம் காத்திருந்தது. "மஞ்சளக் கொறைச்சிரவாண்ணே?"

நான் அக்காவைப் பார்த்தேன். "வேணாம்யா" என்றார்கள். "இத்தன மாசமா இந்த மொகத்தோடதான இருந்தேன்."

தேதியை நான் சொல்ல, செல்வி அடித்தாள். வரி எதுவும் எழுதவில்லை.

அன்று பகலில் தெரு முக்கில் பேனரைக் கட்டினோம். நல்ல வெயில். நிறம் சரியாகத்தான் இருக்கும், அண்ணே. ஒத்துப்பார்க்கப் பக்கத்தில் வந்து நிற்கத்தான் நீங்கள் இல்லை.