இருநூறு "மெதுவா வாங்க"

விரட்டிவிட்டார்களாம்! யார் சொன்னது? மாடி வீட்டுக்காரிதானே? கண், காது, மூக்கு எல்லாம் வைத்துப் பேச அவளுக்குச் சொல்லியா தர வேண்டும்? என் சின்ன மருமகளை எந்த ஆஸ்பத்திரியும் விரட்டவில்லை. அவளாகத்தான் வெளியே வந்தாள். நடந்ததை நடந்தபடி சொல்கிறேன். குறுக்கே பேசாமல் கேட்டுக்கொள்.

பதினோரு வருஷமாக அவளுக்கு அங்கே ஆள் கூப்பிடுகிற வேலை. கூடத்தில் காத்திருக்கும் நோயாளிகளைப் பெயர் சொல்லி டாக்டர் அறைக்கு அனுப்ப வேண்டும். கணீரென்ற குரல். அதனால் எல்லோருக்கும் அவள் 'வெண்கலம்'. பெயரைக் கூப்பிட்டதும் "மெதுவா வாங்க" என்பாள். கட்டுப்போட்ட காலும் பிடித்துக்கொண்ட வயிறுமாக வருகிறவர்கள் ஓடியா வர முடியும்? வந்து சேரும்வரை கதவைப் பிடித்துக்கொண்டு நிற்பாள்.

குறையே இல்லாதவள் என்று சொல்ல மாட்டேன். தெரிந்த முகம் சிரித்தால் வரிசை கொஞ்சம் நழுவும். என் முழங்கால் வலிக்கு நானே மூன்று பேரைத் தாண்டிப் போயிருக்கிறேன். பொய் சொல்வானேன்?

அப்புறம் டோக்கன் மெஷின் வந்தது. சுவரில் சிவப்பாக நம்பர் மின்னும், குரல் கூப்பிடும். அந்தக் குரலுக்கு வெண்கலத்தையே உட்கார வைத்து, ஒன்று முதல் இருநூறு வரை சொல்லச் சொல்லிப் பதிவு செய்தார்கள். வீட்டுக்கு வந்து ஒரே குதி.

"அத்தை, இனிமே என் தொண்டைக்கு லீவு! நான் உக்காந்து சீட்டு குடுத்தா போதும். பொட்டிக்குள்ள இருந்து நானே கூப்பிட்டுக்குவேன்."

"மிச்சத் தொண்டையை வீட்டுக்குக் கொண்டு வருவியே. என் பிள்ளை பாவம்டி!"

இரண்டு வாரம் மெஷின் புராணம்தான். எவ்வளவு பெரிய மனுஷன் வந்தாலும் நம்பர் வந்தால்தான் உள்ளே. "உங்களுக்கும் அதேதான் அத்தை" என்றாள். அடுத்த தடவை ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். எரிச்சலாகத்தான் இருந்தது. ஆனால் நியாயம் நியாயம்தானே?

கோளாறு வேறிடத்தில் இருந்தது. பழக்க தோஷத்தில், பதிவு செய்யும்போது ஒவ்வொரு நம்பருக்குப் பின்னாலும் "மெதுவா வாங்க" என்று சேர்த்துச் சொல்லியிருக்கிறாள். இருநூறு தடவை! பதிவு செய்தவனும் மரியாதையாகத்தானே இருக்கிறது என்று விட்டுவிட்டான். மெஷினோ இருபது நொடிதான் பொறுக்கும். அதற்குள் ஆள் கதவுக்கு வராவிட்டால் அடுத்த நம்பர். தவறியவர் புதுச் சீட்டு வாங்கிக் கடைசியில் உட்கார வேண்டும்.

அவள் பேச்சை நம்பி மெதுவாக எழுந்தவர்கள் எல்லோரும் அவள் மேலேயே பாய்ந்தார்கள். ஊன்றுகோல் பெரியவர் ஒருவர் பிடித்துக்கொண்டார்.

"ஏம்மா, மெதுவா வரச் சொன்னதும் நீ, நான் அஞ்சடி வைக்கறதுக்குள்ள அடுத்த ஆளைக் கூப்பிட்டதும் நீ. இது என்ன விளையாட்டு?"

"அது நான் இல்ல தாத்தா, மெஷின்."

"குரல் உன்னுது, பழி மட்டும் மெஷினுக்கா?"

ஒரே மாதத்தில் தெருவெல்லாம் ஏமாற்றுக்காரி என்ற பெயர். காய்கறிக் கடைக்காரன்கூட மீதிச் சில்லறையை நீட்டி, "மெதுவா வாங்கிக்குங்க" என்று கிண்டல் செய்தான். அதற்கு அவளே சிரித்துவிட்டாள். வீட்டுக்கு வந்துதான் உடைந்தாள்.

"கேலி பண்ணட்டும் அத்தை. என் பேச்சை நம்பி எழுந்தவங்க ஏமாந்து திரும்ப உக்கார்றாங்களே, அதைத்தான் பாக்க முடியலை."

மேனேஜரிடம் போய், மெஷினை ஒரு நிமிஷம் பொறுக்கச் சொல்லுங்கள் என்று கேட்டாள். அவரும் கெட்டவர் இல்லை.

"ஒரு நிமிஷம்னா தினம் முப்பது பேரைப் பாக்க முடியாம போயிடும்மா. வெறும் நம்பர் மட்டும் சொன்னா யாரும் அசைய மாட்டாங்க. நீங்க 'உடனே வாங்க'ன்னு மாத்திப் பேசிக் குடுத்துடுங்க."

"கால் ஒடிஞ்சவரைப் பாத்து அப்படிச் சொல்ல எனக்கு வாய் வராது சார்."

"அப்ப இருக்கறதே ஓடட்டும்."

நான்கூட, "ஊரோட ஒத்துப் போயேன்டி, ரெண்டு வார்த்தைதானே?" என்றேன்.

"உங்களைச் சொல்லச் சொன்னா சொல்லுவீங்களா?"

செத்தாலும் சொல்லியிருக்க மாட்டேன்.

அந்தத் திங்கட்கிழமை காலை நானும் கூடத்தில்தான் இருந்தேன். அறுபத்தொன்றாம் நம்பர். உட்கார இடமில்லாத கூட்டம். வெண்கலம் நாற்காலி மேல் ஏறி நின்றாள்.

"எல்லாரும் கேளுங்க! பொட்டிக்குள்ள பேசறது நான்தான். ஆனா அவ பேச்சை நம்பாதீங்க. நடக்க முடியாதவங்க இப்பவே கதவுக்குப் பக்கத்துல வந்து உக்காருங்க. முன்னாடி இருக்கறவங்க எழுந்து இடம் விடுங்க!"

ஊன்றுகோல் பெரியவர்தான் முதலில் எழுந்தார். நாற்காலிகள் கரகரவென்று நகர்ந்தன. நானும் இடம் மாறினேன். மேனேஜர் ஓடி வந்தார்.

"என்னம்மா இது? மொதல்ல கீழ இறங்குங்க!"

"இறங்கிட்டேன் சார். இனி அவளை வெச்சே நடத்திக்குங்க. அலமாரிச் சாவி மேஜை மேல இருக்கு."

சாப்பாட்டு டப்பாவைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, தலை நிமிர்ந்து வாசலுக்குப் போனாள். தினம் அவள் வந்து போவது பின்வாசல் வழியாக. இது ஆள் வந்தால் தானாகத் திறக்கும் கண்ணாடிக் கதவு. திறக்கவில்லை. அவள் குள்ளம், அதன் கண்ணுக்கு ஆளாகவே தெரியவில்லை போலிருக்கிறது. கையை ஆட்டினாள். டப்பாவைத் தூக்கிக் காட்டினாள். கடைசியில் ஒரு குதி குதித்தாள். கூடமே சிரித்தது, அவளும் சிரித்தாள். சமாதானம் சொல்லப் பின்னாலேயே வந்த நெட்டை மேனேஜரைக் கண்டதும் கதவு சட்டென்று திறந்தது.

"ரொம்ப நன்றி சார்" என்று சொல்லிவிட்டு வெயிலில் இறங்கி நடந்தாள்.