நகத்தில் வசனம்

மலைமேல், ஏலத்தோட்டங்களுக்கு நடுவே, ஆனைக்கரைக் கடைத்தெருவில் பஸ் பஞ்சராகி நிற்கிறது. மழைக்கு ஒதுங்கி ஒரு பியூட்டி பார்லருக்குள் நுழைகிறேன். மேசைமேல் நகத்தில் படம் அச்சடிக்கும் மெஷின், குக்கர் அளவுகூட இல்லை. எஸ்தர் என்ற பெண், ஏலக்காய் பறித்துக் கறுத்த விரல்களை ஒவ்வொன்றாக அதற்குள் நீட்டுகிறாள். வெள்ளை பூசிய நகம் வெளியே வரும்போது அதில் பூ இல்லை, மயில் இல்லை. நகத்துக்கு ஒரு சொல், நீல எழுத்தில்.

"என்ன எழுதியிருக்கு?" என்று கேட்கிறேன்.

"வேத வசனம்க்கா. போன ஞாயித்துக்கிழமை செவப்பு நெயில் பாலிஷ் போட்டுட்டு சபைக்குப் போனேன். நான் பாடிக்கிட்டு இருக்கையிலயே பாஸ்டர் நிறுத்தி, எல்லாரு முன்னாடியும் கையத் தூக்கிக் காட்டச் சொன்னாரு. அலங்காரம் பாவமாம். நகத்தச் சுரண்டிட்டு வந்தாத்தான் இனி மைக்காம்."

"இத மட்டும் விட்டுருவாரா?"

போனை என் பக்கம் திருப்புகிறாள். சபையின் சுவர் தெரிகிறது. பாஸ்டரின் நாற்காலிக்கு மேலே, நீலப் பெயிண்டில், அதே வசனம். அந்த எழுத்தைத்தான் மெஷின் அப்படியே அச்சடித்துக்கொண்டிருக்கிறது.

வெளியே பஸ் ஹாரன் அடிக்கிறது. எழுந்திருக்கிறேன். எஸ்தர் கடைசி விரலையும் உள்ளே விடுகிறாள்.

"நாளைக்கும் கையத் தூக்கிக் காட்டத்தான் போறேன்க்கா, அவரு கேக்காமலே. அழிக்கச் சொன்னா, மொதல்ல அந்தச் செவுத்த அழிக்கட்டும்."