வண்டு எடுக்கிற கம்பி

கொழும்பு வெள்ளவத்தையில் எங்கள் வீட்டுப் பின்வளவில் மூன்று தென்னைகள் நின்றன. அவற்றைக் காப்பாற்றப் போய் ஒரு மனிதனைப் பொலிசில் மாட்டிவிட்டவள் நான். எப்படிச் சுற்றிச் சொன்னாலும் கதை இங்கேதான் வந்து நிற்கும், அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

கொம்பு வைத்த கறுப்பு வண்டு, பெருவிரல் அளவு. குருத்தைத் துளைத்துக்கொண்டு உள்ளே இறங்கும். பிறகு விரிகிற ஓலை, கத்தரிக்கோலால் வெட்டிய கடதாசி மாதிரி இருக்கும். கவனிக்காமல் விட்டால் குருத்து அழுகி மரமே போய்விடும். யாராவது மேலே ஏறி, நுனி வளைந்த இரும்புக் கம்பியை ஓட்டைக்குள் விட்டு வண்டைக் குத்தி இழுக்க வேண்டும். பிறகு மட்டை இடுக்கில், துணி அலுமாரிக்குள் வைக்கிற வெள்ளைப் பூச்சி உருண்டையும் மணலும் போட வேண்டும். கொட்டாஞ்சேனையிலிருந்து மாதத்துக்கு இரண்டு தடவை ஒருவர் வந்து இதைச் செய்து தந்தார். மலையகத்துக்காரர், நாற்பது வயதிருக்கும். வண்டை என் காலடியில் போட்டு, "இந்தாங்கம்மா, ஒங்க விருந்தாளி" என்பார்.

கம்பி எங்கள் வீட்டில்தான் இருந்தது. சண்டைக்காலம், பொலிசும் ஆமியும் வீடு வீடாகச் செக்கிங். என் கணவருக்கு நடுக்கம் பிடித்துவிட்டது.

"இவ்வளவு கூரான சாமான் ஏன் எண்டு கேட்டால் என்னத்தைச் சொல்லுறது? அந்தாளிட்டையே குடுத்துவிடுமப்பா."

எனக்கும் பயம்தான், பொய் சொல்லவா? கம்பியையும் மிச்ச உருண்டைகளையும் ஒரு பையில் போட்டு அவரிடம் நீட்டினேன். பையின் வாயை விரித்து உள்ளே பார்த்தார். பிறகு "சரிங்கம்மா" என்று வாங்கிக்கொண்டார். மாட்டேன் என்றால் வேலை போய்விடும் என்று நினைத்திருப்பார்.

அவர் போன பஸ்ஸைப் பெரிய தெருவான காலி வீதியில் பொலிசார் மறித்துப் பையைத் திறந்திருக்கிறார்கள். கூரான கம்பி, வெள்ளை உருண்டை, தமிழ்ப் பெயர் போட்ட அடையாள அட்டை. வேறென்ன வேண்டும் அவர்களுக்கு? மறுநாள் அவருடைய மனைவி எங்கள் கேற்றைப் பிடித்துக்கொண்டு அழுதபோதுதான் எனக்கு விஷயம் தெரியும்.

பொலிசுக்குத் தனியாகப் போனேன். "ரெண்டு பேரும் உள்ளுக்குப் போனால் பிள்ளையளை ஆர் பார்க்கிறது?" என்று கணவர் வீட்டிலேயே நின்றுவிட்டார். என் அரைகுறைச் சிங்களத்தில் அந்த வண்டுக்குப் பெயர் இல்லை. நெற்றியில் விரலை வைத்துக் கொம்பு காட்டினேன். மேசைக்குப் பின்னால் இருந்த அதிகாரி சிரித்துவிட்டார். "ஆ, குருமிணியா!" அவர் ஊர்த் தென்னைகளிலும் இதே வண்டுதானாம், அவர்களும் கம்பியால்தான் எடுப்பார்களாம். உப்பும் சாம்பலும் போட்டுப் பார்க்கச் சொன்னார். அப்பாடா என்று எனக்கு உயிர் வந்தது. அப்போ அவரை விடுவீர்களா என்று கேட்டேன். அது தன் கையில் இல்லை, மேலிடம் சொல்ல வேண்டும் என்றார். நம்பாதவனோடு சண்டை பிடிக்கலாம், எல்லாவற்றையும் நம்பிவிட்டுக் கையை விரிக்கிறவனை என்ன செய்வது? நாலு தடவை போனேன். நாலு தடவையும் உப்புப் போட்டீர்களா என்று அக்கறையாக விசாரித்தார்.

இரண்டு மாதம் கழித்து விட்டார்கள். அவர் எங்கள் வீட்டுக்கு வந்தபோது பாதியாய் மெலிந்திருந்தார். விஷயம் கேள்விப்பட்டு வேறு யாரும் மரம் ஏற வரவில்லை. நடு மரத்தின் குருத்து சாய்ந்து தொங்கியது. அவர் அண்ணாந்து பார்த்தார்.

"நடு மரம் போயிருச்சுங்கம்மா. மத்த ரெண்டையும் காப்பாத்திறலாம். ஆனா என்னால ஏற ஏலாது."

வலது கையைத் தூக்கிக் காட்டப் பார்த்தார். அது தோள் வரைக்கும்கூட எழும்பவில்லை.

ஐயோ என்றிருந்தது எனக்கு. மன்னித்துக்கொள்ளுங்கள் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அவர் முந்திக்கொண்டார்.

"அந்தக் கம்பிய அவங்க திருப்பித் தரலைங்கம்மா. ரெண்டு வாட்டி கேட்டுப் பாத்தேன். கோவிச்சுக்காதீங்க."